பெட்டிக்குள் பெட்டி: ஒரு கணிப்பொறி வரலாறு

முன்னாள் மாணவர் மலர் என்றால் விடுதி நினைவுகள், ஆசிரியப் பெருமக்களுக்கு நன்றி, குரூப் போட்டோ என்று ஒரு வரிசை உண்டு. அதற்கு நடுவே 'மேஜைக் கணிப்பொறிக்குள் சர்வர் ஓட்டிய வரலாறு' எதற்கு என்று சில அண்ணன்மார் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது.

நம் மாணவர்கள் பாடத்தில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். சர்வர் பற்றிப் பத்து மார்க் கேள்வி வந்தால் நம்ம பையன் இரண்டு பக்கம் எழுதிவிடுவான். 'எங்கே, ஒரு சர்வரைப் பழுதாக்கி, பிறகு சரிசெய்து காட்டு' என்று நேர்முகத் தேர்வில் கேட்டால்தான் விழிப்பான். ஏன்னா, பழுதாக்கிப் பார்க்க அவனுக்கு யாரும் ஒரு சர்வர் கொடுத்ததில்லை. கோடிக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய பொறியை எந்த நிறுவனம்தான் கற்றுக்குட்டியின் கையில் கொடுக்கும்?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. அன்று உலகின் மிகப் பெரியதாக இருந்த கணிப்பொறி நிறுவனத்துக்கே வந்திருக்கிறது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, நாற்பது ஆண்டு கழித்து ஏரியூரில் ஓர் ஓட்டு வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்து சேர்ந்தது. அந்த வழியின் கதைதான் இது.

வேஷத்துக்குள் வேஷம்

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடுவோம். கணிப்பொறித் துறை சாராத நண்பர்கள் பயப்பட வேண்டாம். நம்ம பக்கத்துத் தெருக்கூத்து தெரிந்தால் போதும்.

பாரதக் கூத்தில் விராட பருவம் பார்த்திருப்பீர்கள். ஊர்க்காரர் ஒருவர் முகத்தில் அரிதாரம் பூசி அர்ச்சுனனாகிறார். அந்த அர்ச்சுனன் விராடன் அரண்மனையில் பிருகந்நளையாக வேஷம் போடுகிறான். உத்தரைக்குத் தெரிந்தது பிருகந்நளை மட்டும். பார்க்கிற நமக்கு அவன் அர்ச்சுனன். திரைக்குப் பின்னால் அரிதாரம் பூசிவிட்டவருக்கோ, அவர் இன்னார் வீட்டு மகன். ஆள் ஒன்று, அடுக்கு மூன்று.

கணிப்பொறியிலும் இதேதான். சாதாரணமாக ஒரு பொறியில் ஓர் இயக்க மென்பொருள், அதாவது விண்டோஸோ லினக்ஸோ, ஓடும். 'ஹைப்பர்வைசர்' என்ற மென்பொருளை இடையில் வைத்தால், அது ஒரே பொறியைப் பல பொறிகள் போலக் காட்டும். அப்படிக் காட்டப்படும் ஒவ்வொரு போலிப் பொறிக்கும் 'விர்ச்சுவல் மெஷின்', சுருக்கமாக 'வி.எம்.' என்று பெயர். உள்ளே இருக்கும் விண்டோஸுக்குத் தான் இருப்பது போலிப் பொறி என்பது தெரியாது. அது நிஜ வன்பொருளைத் தொட முயலும்போதெல்லாம் ஹைப்பர்வைசர் இடைமறித்து, அந்த வேலையைத் தானே செய்து, 'ஆச்சுப்பா' என்று பதில் சொல்லிவிடும்.

இப்போது ஒரு குறும்பான கேள்வி. அந்தப் போலிப் பொறிக்குள் விண்டோஸுக்குப் பதில் இன்னொரு ஹைப்பர்வைசரையே நிறுவினால் என்ன ஆகும்? அர்ச்சுனன் போடும் பிருகந்நளை வேஷம் அதுதான். சர்வர் அறைக்கென்று செய்த ஹைப்பர்வைசரை மேஜைக் கணிப்பொறியின் வி.எம். ஒன்றுக்குள் ஏற்றி, அதன் உள்ளே மேலும் வி.எம்.களை ஓட்டுவது. துறையில் இதை 'நெஸ்டெட்' என்பார்கள். நாம் 'உள்ளடுக்கு' என்று வைத்துக்கொள்வோம்.

கேம்பிரிட்ஜில் தொடக்கம்

வி.எம். என்ற எண்ணம் நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனம் 1964-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு மையம் தொடங்கியது. அங்கே ராபர்ட் க்ரீஸி என்பவர் தலைமையில் சி.பி.-40 என்ற மென்பொருள் உருவாகி, 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. சிஸ்டம்/360 வரிசையில் 40-ஆம் மாதிரிப் பொறி ஒன்றைத் திருத்தி அமைத்து, அதில் 14 போலிப் பொறிகளை ஓட்டினார்கள். அடுத்து 360/67 பொறிக்காக சி.பி.-67 வந்தது. ஒரு பெரிய பொறி. அதன் முன் பல பேர். ஒவ்வொருவருக்கும் 'இந்தப் பொறி முழுக்க எனக்கே' என்ற உணர்வு. அந்தக் காலத்தில் அது பெரிய வித்தை.

உள்ளடுக்கு பிறந்ததும் இதே இடத்தில்தான். அது யாரோ விளையாட்டாகச் செய்து பார்த்த ஒன்றல்ல, வேறு வழியில்லாமல் செய்தது.

பிறக்காத பொறிக்கு ஒத்திகை

1970-ஆம் ஆண்டு ஜூனில் ஐ.பி.எம். தனது சிஸ்டம்/370 வரிசையை அறிவித்தது. முதலில் வந்த பொறிகளில் 'விர்ச்சுவல் மெமரி' எனப்படும் நினைவக வசதி இல்லை. அந்த வசதியோடு புதிய பொறிகளைக் கொண்டுவர நிறுவனத்துக்குள் இரகசியமாக வேலை நடந்தது. பொறி இன்னும் கைக்கு வரவில்லை. அதற்கான மென்பொருளோ இப்போதே எழுதிச் சோதித்தாக வேண்டும். பிறக்காத குழந்தைக்குச் சட்டை தைக்கிற கதை.

கேம்பிரிட்ஜ்காரர்கள் சி.பி.-67-ஐத் திருத்தி, 360/67 பொறியின் மேலேயே 370 போன்ற போலிப் பொறியை உண்டாக்கினார்கள். ஆனால் அதை நேரே நிஜப் பொறியில் ஏற்ற முடியாத நிலை. அந்த மையத்துப் பொறியைச் சுற்றுவட்டாரக் கல்லூரி மாணவர்களும் வெளியாட்களும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அறிவிக்காத பொறியின் இரகசியம் ஒரு மாணவன் கண்ணில் பட்டால் போதும், ஊரெல்லாம் தெரிந்துவிடும்.

எனவே அடுக்கினார்கள். நிஜப் பொறியில் வழக்கமான சி.பி.-67. அது தரும் ஒரு வி.எம்.மில், 370-ஐப் போல நடிக்கத் தெரிந்த திருத்திய சி.பி.-67. அது தரும் போலி 370-க்குள், 370-க்காகவே எழுதிய மற்றொரு சி.பி.-67. அதன் மேல் சி.எம்.எஸ். என்ற பயனர் மென்பொருள். மொத்தம் நான்கு அடுக்கு! வெளி அடுக்கில் மாணவர்கள் வழக்கம்போலத் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, உள் அடுக்கில் எதிர்காலப் பொறிக்கான மென்பொருள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. ஒத்திகையில் ஏதாவது கவிழ்ந்தால் உள் அடுக்குதான் கவிழும். வெளியே இருப்பவருக்கு ஒரு சலனமும் தெரியாது.

1972 ஆகஸ்ட் 2-ஆம் தேதி விர்ச்சுவல் மெமரியும், வி.எம்./370 என்ற ஹைப்பர்வைசரும் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டன. வி.எம்./370-க்குள் இன்னொரு வி.எம்./370-ஐ ஓட்டலாம் என்பதால், புதிய பதிப்பு வரும்போதெல்லாம் பெருநிறுவனங்கள் முதலில் அதை உள்ளே ஏற்றிச் சோதித்துவிட்டு, பிறகுதான் வெளியே நிறுவின. 'இரண்டாம் அடுக்கில் போட்டுப் பார்' என்பது அந்தத் துறையில் அன்றாடப் பேச்சாகவே ஆகிவிட்டது.

சென்னைக்கு வந்த 155

இந்தக் கதைக்கும் தமிழ்நாட்டுக்கும் ஓர் ஒட்டு உண்டு. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் தொடங்கப்பட்ட சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ஆம் ஆண்டு ஐ.பி.எம். 370/155 பொறி நிறுவப்பட்டது. துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, அச்சடித்த தாள் வரும் வரை காத்திருந்த தலைமுறை அது. இன்று அறுபது, எழுபது வயதைக் கடந்த பல மென்பொருள் முன்னோடிகள் அந்தக் காத்திருப்பில் உருவானவர்களே.

நாம் கவனிக்க வேண்டியது அந்த எண்: 155. விர்ச்சுவல் மெமரி இல்லாமல் 1970-இல் அறிவிக்கப்பட்ட முதல் வரிசைப் பொறி அது. வேண்டுமென்றால் பிறகு தனி வன்பொருளைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் வி.எம்./370 ஓடாது. கேம்பிரிட்ஜில் நான்கு அடுக்கு போட்டு ஒத்திகை பார்த்தது இந்த ஒரு வசதிக்காகத்தான். பொறி ஒரே வரிசையைச் சேர்ந்ததாக இருக்கலாம். உள்ளே ஒரு பாகம் இல்லையென்றால் ஒரு முழு உலகமே மூடிக்கிடக்கும். இதே பாடத்தை நாற்பது ஆண்டு கழித்து நம் மேஜைக் கணிப்பொறிகளும் நமக்குச் சொல்லிக்கொடுத்தன. அதைப் பின்னால் பார்ப்போம்.

அதன்பின் 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டே வெளியேறியது. பெரும்பொறிகளின் வி.எம். வித்தையெல்லாம் நம் மாணவர்களுக்கு நெடுங்காலம் புத்தகத்து அத்தியாயமாகவே இருந்தது.

கணக்குப் போட்டு நிரூபித்தவர்கள்

1974-ஆம் ஆண்டு ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் என்ற இருவர் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார்கள். எந்த மாதிரிப் பொறியில் ஹைப்பர்வைசர் அமைக்க முடியும் என்பதற்கு அவர்கள் தந்த இலக்கணம் எளிமையானது: பொறியின் நிலையை மாற்றக்கூடிய, அல்லது வெளிக்காட்டிவிடக்கூடிய கட்டளைகள் எல்லாம், தகுதி இல்லாதவர் கொடுத்தால் தடுக்கப்பட்டு மேலிடத்துக்குப் போக வேண்டும். வீட்டு மெயின் சுவிட்சில் குடித்தனக்காரர் கை வைத்தால் வீட்டுக்காரர் வீட்டில் மணி அடிப்பது போல.

அதே கட்டுரையில் உள்ளடுக்குக்கும் ஒரு தேற்றம் உண்டு. இலக்கணத்துக்கு உட்பட்ட பொறியில், காலக் கணக்கை நம்பியிராத ஹைப்பர்வைசரை எழுத முடிந்தால், அதற்குள் அதையே மறுபடி மறுபடி ஓட்டலாம் என்றார்கள். 'காலக் கணக்கு' என்று அவர்கள் தனியாகச் சொன்னது சும்மா இல்லை. வேஷம் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், ஒரு வேலை முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தால் குட்டு உடைந்துவிடும்.

ஏரியூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நாகமரையில் பரிசல் ஏறி அக்கரை பண்ணவாடிக்குப் போகும்போது, மேட்டூர் அணை நிரம்பியிருந்தால் தண்ணீர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் மூழ்கிக் கிடந்த பழைய நந்தியும் கோபுரமும் தலை காட்டும். வி.எம்.மும் அப்படியே. நினைவகமும் வேகமும் தாராளமாக இருக்கும் வரை அடியில் இருக்கும் அடுக்கு தெரியாது. வளம் வற்றினால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

இன்டெல் சில்லின் குறை

மேஜைக் கணிப்பொறிகள் பரவிய காலத்தில் ஒரு தலைவலி இருந்தது. நம் வீட்டுப் பொறிகளில் இருந்த இன்டெல் வகைச் சில்லுகள் அந்த 1974 இலக்கணத்துக்குக் கட்டுப்படவில்லை. தடுக்கப்பட வேண்டிய சில கட்டளைகள் சத்தமில்லாமல் நழுவிவிடும், மணி அடிக்காது. பெண்டியம் சில்லில் இப்படிப்பட்ட கட்டளைகள் 17 என்று 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு எண்ணிச் சொன்னது.

இதைத் தாண்டிக் காட்டியது வி.எம்.வேர் நிறுவனம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 'டிஸ்கோ' என்ற ஆய்வைத் தொடர்ந்து, மெண்டல் ரோசன்ப்ளம், டயான் கிரீன் உள்ளிட்ட ஐந்து பேர் 1998-இல் தொடங்கியது அது. உள்ளே ஓடும் மென்பொருளின் வில்லங்கமான கட்டளைகளை, ஓடும்போதே வேறு கட்டளைகளாக மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். 1999 மே மாதம் மேஜைக் கணிப்பொறிக்கான 'வொர்க்ஸ்டேஷன்' வந்தது. 2001-இல் சர்வர்களுக்கான 'ஈ.எஸ்.எக்ஸ்.' வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் இதுதான்: வொர்க்ஸ்டேஷன் விண்டோஸின் மேலோ லினக்ஸின் மேலோ ஒரு நிரலாக உட்காரும். ஈ.எஸ்.எக்ஸ். வெறும் இரும்பின் மேல் நேராக உட்காரும். கீழே வேறு மென்பொருள் கிடையாது.

2005 நவம்பரில் இன்டெல்லும், 2006-இல் ஏ.எம்.டி.யும் சில்லுக்குள்ளேயே வி.எம். உதவியைச் சேர்த்தன. ஆனால் அது ஓர் அடுக்குக்கான உதவி மட்டுமே. அரிதாரப் பெட்டி ஒன்றுதான். அதை வெளி வேஷக்காரர் எடுத்துக்கொண்டால் உள் வேஷக்காரருக்கு மிச்சம் இல்லை.

சர்வரை மேஜைக்கு இறக்கியவர்கள்

ஈ.எஸ்.எக்ஸ். கற்க விரும்பியவர்களுக்கு ஒரு பெரிய தடை. அதன் சிறப்பே, ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்.மை நிறுத்தாமல் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் 'வி-மோஷன்', 2003-இல் வந்தது. அதைச் செய்துபார்க்க வேண்டுமென்றால் சர்வர் இரண்டு, இருவருக்கும் பொதுவான சேமிப்பகம் ஒன்று, நிர்வாகப் பொறி ஒன்று வேண்டும். மாணவனை விடுங்கள், பல அலுவலகங்களிலேயே சோதனைக்கென்று இத்தனை கிடையாது.

அப்போதுதான் பலரும் அந்தப் பழைய கேம்பிரிட்ஜ் வழிக்கு வந்தார்கள். வொர்க்ஸ்டேஷனில் ஒரு வி.எம். உண்டாக்கி, அதன் அமைப்புக் கோப்பைக் கையால் திருத்தி, ஈ.எஸ்.எக்ஸ்.-ஐ அதற்குள் நிறுவினார்கள். 2009 அக்டோபரில் வந்த வொர்க்ஸ்டேஷன் 7 இதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. என்றாலும் குறை இருந்தது. சில்லின் உதவி உள் அடுக்குக்குப் போகாததால், மூன்றாம் அடுக்கில் 32-பிட் மென்பொருள் மட்டும் மெதுவாக நகரும். 2011 செப்டம்பரில் வந்த வொர்க்ஸ்டேஷன் 8 ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டாலே சில்லின் உதவியை உள்ளே கடத்தியது. 64-பிட் மென்பொருளும் மூன்றாம் அடுக்கில் ஓடியது.

இங்கேதான் 155-இன் பாடம் திரும்ப வருகிறது. அந்த டிக் வேலை செய்ய, நினைவக முகவரிகளை இரண்டு படியாக மாற்றித்தரும் வசதி சில்லில் இருக்க வேண்டும். இன்டெல் அதை 'ஈ.பி.டி.' என்றது, ஏ.எம்.டி. 'ஆர்.வி.ஐ.' என்றது. அந்த வசதி இல்லாத பழைய பெட்டிகளில் என்ன டிக் போட்டாலும் நடக்காது. கடையில் பெட்டி வாங்கும்போது யாரும் கேட்காத ஒரு கேள்வி, கற்கும் பிள்ளையின் கதவைத் திறக்கவோ மூடவோ செய்தது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நெட்வொர்க்கில் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு முகவரி. வெளி அடுக்கின் சுவிட்ச், தான் அறிந்த வி.எம்.மின் பெயருக்கு வரும் தபாலை மட்டுமே உள்ளே விடும். உள்ளடுக்கில் குடியிருப்பவர் பெயருக்கு வந்தால் 'அப்படி ஒருத்தர் இங்க இல்லையே' என்று போட்டுவிடும். அதனால் வெளிச் சுவிட்சிடம் 'எந்தப் பெயருக்கு வந்தாலும் உள்ளே விடு' என்று முன்கூட்டியே அனுமதி கொடுத்து வைக்க வேண்டும். 'ப்ராமிஸ்குவஸ் மோடு' என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் வருவது இதுதான். உள்ளடுக்கில் ஒருநாள் மல்லுக்கட்டியவனுக்கு அந்த வரி ஆயுளுக்கும் மறக்காது.

ஆமை மேல் ஆமை

உள்ளடுக்கு ஏன் மெதுவாகிறது? உள்வாடகைக் கதையாக நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரர், குடித்தனக்காரர், அவரிடம் உள்வாடகைக்கு இருப்பவர். மூன்றாமவர் ஒரு குழாயைத் திறக்க வேண்டுமென்றாலும் மணி அடிப்பது வீட்டுக்காரரிடம்தான். அவர் 'இது உன் ஆள் கேட்டது' என்று இரண்டாமவரிடம் தள்ளுவார். இரண்டாமவர் அதைச் செய்துகொடுக்க வீட்டுக்காரரிடமே பலமுறை போய் நிற்பார். ஒரு கோரிக்கை பத்தாகப் பெருகும்.

2010 அக்டோபரில், ஐ.பி.எம்.மின் இஸ்ரேல் ஹைஃபா ஆய்வகத்தைச் சேர்ந்த முலி பென்-யெஹுதா குழுவினர், லினக்ஸின் கே.வி.எம். ஹைப்பர்வைசரில் இதற்கு ஒரு தீர்வை வெளியிட்டார்கள். 'உலகம் ஆமை மேல் நிற்கிறது, அந்த ஆமை இன்னொரு ஆமை மேல்' என்ற கதையை வைத்துத் திட்டத்துக்கு 'டர்டில்ஸ்' என்றே பெயரிட்டார்கள். மந்தர மலையை ஆமை தாங்கிய கதை தெரிந்த நமக்கு அந்தப் பெயர் அந்நியமாகவே படாது. இடைநிலை முகவரிப் புத்தகங்கள் இரண்டை ஒன்றாகச் சேர்த்து, சில்லுக்குப் புரியும் படிகளுக்குள் அடக்கிவிட்டார்கள். பொதுவான வேலைகளில் ஓரடுக்கோடு ஒப்பிட்டால் 6 முதல் 8 சதவீத இழப்புதான் என்று காட்டினார்கள். பெரும்பொறிக் காலத்து வித்தை, சாதாரணச் சில்லிலும் உருப்படியாக நடக்கும் என்று ஆதாரத்தோடு சொன்ன ஆய்வு அது.

ஏரியூரில் ஓர் ஓட்டு வீடு

2012-ஆம் ஆண்டு. சென்னைக்கு வெளியே நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த ஆண்டு அது. ஏரியூரில் எங்கள் தெருத் தம்பி ஒருவன், கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவன், 16 ஜி.பி. நினைவகம் உள்ள ஒரு மேஜைக் கணிப்பொறியைச் சேர்த்துச் சேர்த்து அமைத்திருந்தான். சேமிப்பகத்துக்கு ஒரு சின்ன வி.எம்., நிர்வாகத்துக்கு ஒன்று, ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. சர்வர்களாக இரண்டு. 60 நாள் சோதனை உரிமம். நான் பார்க்கப் போனபோது அவன் அம்மா திண்ணையில் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, நீயே கேளு இவன. இருக்கறது ஒரே பொட்டி. மூணு நாலு சர்வரு ஓடுதுங்கறான். மத்ததெல்லாம் எங்கடான்னா, உள்ளார இருக்குதுங்கறான்."

"ஆமாம்மா, உள்ளாரதான் இருக்குது," என்றான் அவன்.

"உள்ளார இருக்கறதுக்கு கரண்டு பில்லு யாரு கட்டறது?"

சிரித்தோம். ஆனால் உள்ளடுக்கின் முழுப் பொருளாதாரமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. எத்தனை அடுக்கு போட்டாலும் கடைசியில் பில் கட்டுவது அடியில் இருக்கும் ஒரே பெட்டிதான். 16 ஜி.பி.யை நான்காகப் பிரித்தால் 16-க்கு மேல் ஒரு குண்டுமணி கூட வராது.

மின்வெட்டையும் அவன் சமாளித்திருந்தான். யு.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கும். கரண்டு போனதும் வொர்க்ஸ்டேஷனில் 'சஸ்பெண்ட்' கொடுப்பான். உள்ளே ஓடும் சர்வர்களும், அவற்றுக்குள் ஓடும் வி.எம்.களும், அப்படியே உறைந்து வட்டில் பதிவாகும். கரண்டு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அன்று என் கண் முன்னே ஒரு வி.எம்.மை ஒரு போலி சர்வரிலிருந்து மற்றதற்கு மாற்றிக் காட்டினான். பிங் வரிசை அறுபடாமல் ஓடியது. அடுத்து, ஒரு சர்வரை வேண்டுமென்றே பட்டென்று அணைத்தான். அதிலிருந்த வி.எம். மற்ற சர்வரில் தானாக எழுந்தது. "இதை நிஜ சர்வர்ல செஞ்சா அன்னைக்கே சீட்டுக் கிழிஞ்சிரும் அண்ணா. இங்க ஒரு நாளைக்கு பத்து தடவை செய்யறேன்," என்றான்.

சில மாதத்தில் பெங்களூரில் ஒரு டேட்டா சென்டர் குழுவில் வேலை கிடைத்தது. நேர்முகத்தில் சர்வர் எப்படிக் கவிழும் என்று கேட்டார்களாம். பத்து விதம் சொல்லியிருக்கிறான். புத்தகத்தில் படித்தவன் இரண்டு விதம் சொல்வான்.

இன்றைய நிலை

2016-இல் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி உள்ளடுக்கை ஏற்றது. 2018 டிசம்பரில் வந்த லினக்ஸ் 4.20 முதல், இன்டெல் சில்லுகளிலும் கே.வி.எம். உள்ளடுக்கு தானாகவே திறந்திருக்கிறது. 2023 நவம்பரில் வி.எம்.வேர் நிறுவனத்தை பிராட்காம் வாங்கியது. 2024 பிப்ரவரியில் இலவச ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் மீண்டும் வந்தது. அதே 2024 நவம்பரில் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ எல்லோருக்கும் இலவசமானது. ஒரு நிறுவனம் கதவைத் திறக்கும், மூடும், மறுபடி திறக்கும்; கற்பவர் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பது இந்த இரண்டு ஆண்டு வரலாறு சொல்வது. 2008 முதல் வெளிவரும் ப்ராக்ஸ்மாக்ஸ் திறந்த மூல மென்பொருள். அதையும் வி.எம்.முக்குள் நிறுவிப் பழகலாம்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு மூன்று குறிப்புகள். பெட்டி வாங்கும் முன், சில்லில் வி.எம். உதவியும் இரண்டு படி முகவரி வசதியும் உண்டா, பயாஸில் அவை திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது, விண்டோஸில் ஹைப்பர்-வியோ 'மெமரி இன்டெக்ரிட்டி' பாதுகாப்போ ஓடினால், அரிதாரப் பெட்டி ஏற்கெனவே அதன் கையில் இருக்கிறது என்று பொருள். வொர்க்ஸ்டேஷன் அதை உள்ளே கடத்த முடியாது. சோதனைக்கென்று தனிப் பெட்டி இருப்பது நல்லது. மூன்றாவது, உள்ளடுக்கில் வேகத்தை அளந்து முடிவுக்கு வராதீர்கள். நிறுவுவது, உடைப்பது, மீட்பது ஆகியவற்றை அங்கே கற்கலாம். 'எவ்வளவு வேகம்' என்ற கேள்விக்கு நிஜ இரும்புதான் பதில் சொல்லும்.

சங்க உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணக்கு போட்டுப் பாருங்கள். ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. 8 பதிப்புக்குக் குறைந்தது 8 ஜி.பி. வேண்டும், இரண்டு சர்வருக்கு 16. நிர்வாக மென்பொருளின் மிகச் சிறிய அளவுக்கு 14. மொத்தம் 30 ஜி.பி. உள்ளே வி.எம்.கள் ஓட இடமும் வைத்தால், 64 ஜி.பி. உள்ள ஒரு மேஜைக் கணிப்பொறி ஒரு முழு சர்வர் அறையாகும். அப்படி நான்கு பெட்டிகள் நம் கல்லூரி ஆய்வகத்தின் ஒரு மூலையில் இருந்து, 'இதை எத்தனை முறை வேண்டுமானாலும் கெடுக்கலாம்' என்று மேலே ஒரு பலகையும் இருந்தால், பென்னாகரம், ஏரியூர் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள் டேட்டா சென்டரை முதன்முதலில் வேலைக்குப் போன இடத்தில் பார்க்கும் நிலை மாறும். ஒரு வகுப்புத் தோழர் குழு ஒரு பெட்டி என்று பொறுப்பேற்றால் நான்கு குழு போதும். முதல் பெட்டிக்கு எங்கள் குழு பெயர் கொடுத்துவிட்டது. மீதி மூன்றுக்குச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் பிள்ளைகள்!